ரஃபியா ஊர்த் தண்ணீர்

என் வீட்டு அதிகாரிக்கு ஸலாம்.

நீ கொடுத்துவிட்ட முல்லையாற்றுத் தண்ணீர்க் கேனோடு மகள் வாழ்க்கைப்பட்ட கடற்கரை ஊருக்கு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் எல்லோரும் என்னைச் சாராயம் கடத்துகிறவன் என்றே நினைத்தார்கள். என் தொந்தியும் அதற்கு ஒத்துழைத்தது.

இங்கே சுவர், பாதை, கிணறு எல்லாமே சுண்ணாம்புப் பாறை. கண் கூசுகிறது. ஊரே வெள்ளையடித்துக்கொண்டு கல்யாணத்துக்குக் காத்திருப்பது போல இருக்கிறது. சம்பந்தியின் குறட்டையில் கடல் சத்தமே கேட்பதில்லை. இதை யாரிடமும் சொல்லிவிடாதே.

"இந்தத் தண்ணியில பருப்பே வேகலம்மா" என்று போனில் அழுத ரஃபியாவைக் கையோடு கூட்டிவரத்தானே என்னை அனுப்பினாய்? இன்னும் பருப்பு வேகவில்லையா என்று கேட்டேன்.

"முந்தியே ஊறப்போடணும்னு மாமி சொன்னாக அத்தா. இப்ப பஞ்சா வேகுது."

பிறகு நம் தண்ணீரில் டீ போட்டாள். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்னத்தா, நம்ம ஊர்த் தண்ணி இம்புட்டுச் சப்புன்னு இருக்கு?"

சம்பந்தியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைக்கிற அளவுக்கு.

வெள்ளிக்கிழமை நான் மட்டும்தான் வருவேன். நேரில் சொல்லத் தைரியம் இல்லாததால் கடிதத்தை முன்னால் அனுப்புகிறேன். கேனில் தன் கிணற்றுத் தண்ணீரை நிரப்பித் தந்திருக்கிறாள். "அம்மாவ இதுல ஒரு டீ போட்டுக் குடிக்கச் சொல்லுங்க" என்றாள்.

நான் வந்ததும் சேர்ந்தே குடிப்போம். உப்புக் கரித்தால் தண்ணீர் மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம்.

வெறுங்கையோடு வரப்போகும்
உன் வீட்டுக்காரன்