ஒரே ஜெராக்ஸ், ஒரே தப்பு

மெர்சி அக்காவுக்கு,

உன் அடக்கத்துக்கு நான் வந்து சேரவில்லை. ரேணிகுண்டாவில் விமானம் இறங்கியபோது இரண்டு நாள் கடந்திருந்தது. நேரில் சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் படிக்கட்டும்.

திருப்பதிக் கம்ப்யூட்டர் வகுப்பில் நாம் இரண்டு பேர்தான் தெலுங்கு மீடியம். நீ சித்தூரில் பழைய கிறிஸ்தவச் சபைக்காரக் குடும்பம். நான் கங்காதர நெல்லூர்ப் பக்கம், கூலி வேலைக்குப் போகிறவரின் மகள். நாம் படித்த மொழி கோபோல். என் நைனாவுக்கு அந்தப் பெயர் பிடிபடவேயில்லை. "யாருடி அந்த கோபாலு? எப்பப் பாத்தாலும் அவன் பேச்சாவே கீது," என்பார்.

நாங்களெல்லாம் புரோகிராம்களை மனப்பாடம் செய்துகொண்டிருக்க, நீ மட்டும் பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைப் படித்தாய். பரீட்சைக்கு வராத அத்தியாயம், இந்த மொழிகள் எங்கிருந்து வந்தன என்ற வரலாறு. அதை எதற்குப் படித்தாய்? நான் கேட்டதில்லை.

சென்னையில் இன்டர்வியூ. இரண்டாயிரமாம் வருடம் பிறக்கப் போகிறது, அமெரிக்காவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ரேணிகுண்டாவில் ரயில் ஏறினோம். வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாய். ஆரம்பத்தில் மெஷினுக்கு ஒன்றும் சைபரும் மட்டுமே புரியும். விஞ்ஞானிகள் சூத்திரங்களை எழுதுவதற்கு ஃபோர்ட்ரான் வந்தது. அலுவலகக் கணக்குகளுக்காக அரசாங்கத்தாரும் கம்பெனிக்காரர்களும் கூடிப் பேசி உண்டாக்கியது கோபோல். மெஷினுக்கு இங்கிலீஷ் வார்த்தையிலேயே உத்தரவு கொடுக்கலாம் என்று கப்பற்படையில் இருந்த ஒரு பெண் சொன்னபோது யாரும் நம்பவில்லையாம். அந்தக் காலத்தில் துளை போட்டு மெஷினுக்குக் கொடுத்த அட்டைகளில் இடம் மிச்சம் பிடிக்க வருடத்தின் முதல் இரண்டு இலக்கங்களை விட்டுவிட்டார்களாம். இரண்டாயிரம் பிறந்தால் மெஷின் அதை ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று எடுத்துக்கொள்ளும்; நம்மைக் கூப்பிட்டதே அதைச் சரிசெய்யத்தான்.

"நமக்கு இங்கிலீஷ் வராதுன்னு இன்னாத்துக்கு பயந்துக்கினு கீற? அந்த மெஷினுக்கும் சில நூறு வார்த்தைதான் தெரியும்," என்றாய்.

கோபோல் என்ற பெயரின் முதல் எழுத்து 'காமன்' என்ற சொல்லைக் குறிக்கிறது. எல்லோருக்கும் பொது என்று அர்த்தம். நம் பாடப்புத்தக ஜெராக்ஸில் அந்த இடத்தில் மை கலைந்திருந்தது. நீ அதைக் 'காமர்ஸ்' என்று படித்து வைத்திருந்தாய். எனக்கும் அப்படித்தான் சொன்னாய்.

என்னை முதலில் கூப்பிட்டார்கள். புரோகிராம் கேள்விகளில் தடுமாறினேன். கடைசியில் இன்டர்வியூ எடுத்தவர், "இந்த மொழி எப்படி வந்தது, தெரியுமா?" என்றார். நீ ரயிலில் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். சில நூறு வார்த்தை என்பதையும் சொன்னேன். அவர் சிரித்தபடி ஏதோ குறித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும், "இன்னா கேட்டாங்க?" என்றாய்.

"தேதி புரோகிராம்தான் கேட்டாங்க."

நீ உள்ளே போனாய், பத்தே நிமிடத்தில் திரும்பி வந்தாய். ஊருக்குத் திரும்பும் ரயிலில் கொய்யாப்பழம் வாங்கி எனக்குப் பாதி கொடுத்தாய். நான் அமெரிக்கா போனேன். நீ ரேணிகுண்டாவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் சேர்ந்தாய்.

பல வருடம் கழித்து லீவில் உன் வீட்டுக்கு வந்தேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே நீயாகச் சொன்னாய்.

"அன்னிக்கு இன்டர்வியூல அந்த சார், 'காமர்ஸ் இல்லம்மா, காமன்'னு சொன்னாரு. முன்னாடி வந்த பொண்ணும் இதே கதைய சொல்லிட்டு இதே தப்பத்தான் பண்ணுச்சு, வெளிய கேட்டுக்கினு வந்தியானு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"ஒரே ஜெராக்ஸ் சார்னு சொன்னேன். நம்பல. நான் சொல்லிக் குடுத்ததுன்னு சொன்னா உனக்கும் போயிடும்."

"இத்தினி வருஷமா ஏன்க்கா கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

இப்போது வந்திருக்கும் மெஷினிடம் தமிழும் தெலுங்கும் கலந்து பேசினாலே புரோகிராம் எழுதித் தருகிறது. நீ அதனிடம் முதலில் என்ன கேட்டிருப்பாய்?

நேற்று உன் வீட்டுக்குப் போனேன். உன் கணவர் சாமுவேல் மாமா கல்லறைக் கல்லுக்கான வாசகத்தைக் காட்டினார். உன் பெயருக்குக் கீழே 'டைப்பிஸ்ட்' என்று இருந்தது.

"கம்ப்யூட்டர்ல டைப் பண்ற வேலதானே? கரெக்டா போட்டுக்கீறனா?" என்றார்.

அந்தத் தொழிற்சாலையின் ஸ்டாக் புரோகிராம் முழுவதும் நீ எழுதியது, புது மொழி வந்தபோதெல்லாம் அதைக் கற்றுத் திரும்ப எழுதியதும் நீதான் என்று சொன்னேன். இருபது வருடம் உன்னோடு வாழ்ந்தவருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

"அப்போ நீ போன அமெரிக்காவுக்கு அவளும் போயிருப்பாளா?"

"அவதான் மாமா போயிருக்கணும். அன்னிக்கு நான் உள்ள சொன்னதெல்லாம் அக்கா சொன்னது."

"அவகிட்ட மன்னிப்பு கேட்டியா?"

"இல்ல."

மாமா என்னைத் திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். கல் செதுக்குபவருக்குப் போன் போட்டு, வேலையை நிறுத்தும்படி தெலுங்கில் சொன்னார். பிறகு ஒரு தாளை என் முன்னால் வைத்து, "நீயே எழுது," என்றார்.

'புரோகிராமர்' என்று எழுதிக் கொடுத்தேன்.

லீவை நீட்டியிருக்கிறேன் அக்கா. கல் நடும் நாளில் உன் சபையார் எல்லோரும் வருவார்கள். மாமாவிடம் சொன்னதை அங்கே எழுந்து நின்று, அத்தனை பேருக்கும் கேட்கிறபடி சொல்வேன்.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
கோமதி