வெள்ளி இரவில் நிறுத்த மீன்

என் ஆசை வாப்பாவுக்கு,

உங்கள் கப்றை அல்லாஹ் வெளிச்சமாக்கி வைக்கட்டும். உம்மாவும் தங்கச்சியும் உறங்கிவிட்டார்கள். நான் எழுதுவது உம்மாவுக்குத் தெரியக் கூடாது. எனக்குப் பயமாக இருக்கிறது வாப்பா. வேறு யாரிடம் சொல்வேன்?

மீன் நிறையைக் கணக்கு வைக்க மீன் கம்பனிக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றுகிறார்கள். அது இப்போதெல்லாம் அடிக்கடி நின்றுவிடும். மறுபடி ஓட வைக்க உம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு அந்த வேலையை உம்மாவுக்குக் கொடுத்ததே அதற்காகத்தானே? இப்போது கொழும்பிலிருந்து ஓர் எஞ்சினியர் வந்து புதியதைப் போட்டிருக்கிறார். கொஞ்ச நாள் இரண்டும் சேர்ந்து ஓடின. ஒரு நாளின் மீன் நிறைகூட இரண்டிலும் ஒத்துவரவில்லை.

பழையது உம்மாவின் பொறுப்பு என்பதால் மெனேஜர் உம்மாவைத்தான் சந்தேகமாகப் பார்த்தார். "ராவுல நிறுக்கிற மீன் எங்க போகுது ராத்தா? திரும்பக் கடலுக்கே போகுதா?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் வாசலில் நின்றிருந்தேன். உம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, மீன் பிடிக்கும் போட்டுக்கார ஸாலிஹ் காக்கா வந்தார். கடைசியாக எப்போது மீன் கொண்டுவந்தீர்கள் என்று எஞ்சினியர் அவரிடம் கேட்டார்.

"வெள்ளி ராவு."

"வெள்ளி ராவு இன்னும் வரவே இல்லையே காக்கா!"

"ஏன் வரல்ல? நேத்து மஃரிபு பாங்கு சொன்னதோட வந்திட்டுதே. எங்கட நாளு சூரியனோட மாறும் சேர். உங்கட நாளுக்கு மட்டும் ஏன் நடுச்சாமத்துல முழிப்பு?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் உம்மாவுக்கும் விளங்கியது. போட்டுக்காரர்களின் கணக்குப்படி நீங்கள் ஒவ்வொரு நாளையும் பொழுது படும் மஃரிபோடு முடித்திருக்கிறீர்கள். புதியது நடுச்சாமத்தில் முடிக்கிறது. அதற்கு இடையில் வந்த மீனெல்லாம் நாள் மாறி விழுந்திருக்கிறது. எஞ்சினியர் அதைத் திருத்தினார். ஒரு மீன்கூடக் குறையவில்லை.

பழி போய்விட்டது என்று நான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். மெனேஜரும் சந்தோஷமாகத்தான் இருந்தார். "இனி எல்லாம் இதுவே பாத்துக்கும். இந்த மாசத்தோட நீங்க வீட்டுல ஆறுதலா இரிங்க ராத்தா" என்றார்.

"ஓம்" என்று தலையாட்டினார் உம்மா. அவ்வளவுதான்.

காரணம் தெரியாமல் போயிருந்தால் மீன் திருடிய கள்ளி என்று அனுப்பியிருப்பார்கள். தெரிந்ததால் தேவையில்லை என்று அனுப்புகிறார்கள். உம்மா வேறு என்ன செய்திருக்கலாம், வாப்பா?

இன்றைக்கு உம்மா ஏஜென்சிக்காரரைப் பார்த்துவிட்டு வந்தார். குவைத்தில் வீட்டு வேலையாம். என்னை மாம்புரியில் உங்கள் தம்பி சாச்சா வீட்டிலும், தங்கச்சியைக் குறிஞ்சிப்பிட்டியில் மாமி வீட்டிலும் விடப்போகிறார்கள். "ரெண்டு புள்ளயையும் ஒண்டா யாரு பாக்குற?" என்று சாச்சி கேட்டது என் காதில் விழுந்தது. உம்மா அதற்கும் ஓம் என்றுதான் சொன்னார். ராத்தா நான் பக்கத்தில் இல்லாமல் தங்கச்சி இன்னும் தனியாகப் படுத்ததே இல்லை.

உங்கள் புரோகிராமை மாதக் கடைசியில் அணைத்துவிடுவார்களாம். அதற்காக அழக்கூட எனக்கு இப்போது முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

உம்மாவைத் தடுக்க என்னால் முடியாது. ஆனால் மாமி வந்து தங்கச்சியைக் கூப்பிடும்போது நானும் கூடவே வண்டியில் ஏறிவிடுவேன். இடமில்லை என்றால் இருவரும் குசினியில் அடுப்போரம் படுத்துக்கொள்வோம். அங்கேயும் வேண்டாம் என்று சொன்னால்? தெரியவில்லை வாப்பா. அவள் கையை மட்டும் நான் விட மாட்டேன்.

உங்கள் மூத்த மகள்,
அவளுடைய ராத்தா