கடலுக்கு விலை வைக்காத சுவர்

இன்றைக்குக் காலையில் எதிர்வீட்டில் கிளிஞ்சல் சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினார்கள். பொங்கி வந்த ஆவி மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது, கூட்டாளி. எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருஷம். மேஸ்திரியிடம் வெள்ளையடித்துக்கொண்டிருந்த நாம் இரண்டு பேரும், இனிமேல் சுவரில் படம்தான் எழுதுவோம் என்று வெளியே வந்தோம். "பத்து நாள்ல சுண்ணாம்பு மட்டையத் தேடிக்கிட்டு இங்கதான்டா வருவீங்க" என்று மேஸ்திரி சிரித்தார். அந்தச் சிரிப்பு உன்னைத் தூங்கவிடவில்லை.

முதல் சுவர், காலாப்பட்டுப் பக்கம் மீனவர்கள் கட்டிய அம்மன் கோயிலில். சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டு போனோமே, அதைப் பார்த்து வைக்கோல் வண்டி மாடு மிரண்டு, வண்டிக்காரன் நம் ஏழு தலைமுறையையும் இழுத்தானே! அதை ஆரம்பித்தால் பொழுது போய்விடும்.

ஊர்ப் பெரியவர் விலை கேட்டார். முகம் எழுதுவதுதான் நமக்குப் பயம். அதனால், "ஆளுக்கு மூணு ரூவா, சாமிக்கு அஞ்சு" என்றேன் நான்.

"அம்மன் ஒன்னு, கட்டுமரத்துல நாலு பேரு. மிச்சமெல்லாம் கடலு. அதுக்கு?"

"கடலு சும்மாங்க."

வெள்ளையடித்த புத்தி! ஒரே நிறத்தைச் சுவர் முழுக்க இழுப்பது நமக்கு வேலையாகவே தெரியவில்லை. அரை நாளில் நீலத்தை அடித்து முடித்தோம். மீன்கூடையோடு வந்த அம்மா ஒருத்தி நின்று பார்த்தாள்.

"இது என்னா கடலா? வண்ணான் நீலம் கரைச்ச அண்டா மாரி இருக்குது. எந்தக் காத்துக்கு உண்டான கடலுடா இது?"

நமக்கு எங்கே தெரியும்? "குடுத்த வரைக்கும் வாங்கிக்கிட்டு போயிடலாம்டா" என்றேன். நீ மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாய். "சும்மான்னு சொன்னது நாமதான. அதுக்காவ சும்மா மாரியா இருக்கணும்? அப்பறம் மேஸ்திரி சொன்னதுதான் நடக்கும்" என்றாய்.

இரண்டு நாள் கரையில் உட்கார்ந்து அலையையே பார்த்தோம். பிறகு ஒன்பது நாள் கடல் எழுதினோம். பச்சை, சாம்பல், நுரை. நீலம் வாங்க உன் சைக்கிளையே விற்றாய். அந்த அம்மா மறுபடி வந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சுவர்கிட்டே போனாள்.

"வாடைக்காத்துக் கடலு. இதுல எம்மவன எறங்க வுட மாட்டேன்" என்றாள்.

அன்றைக்கு நீ நடந்த நடை இருக்கிறதே, ராஜா நடை!

அந்தக் கடலைப் பார்த்துவிட்டு டவுனிலிருந்து ஒரு முசே, பிரெஞ்சுக்காரரிடம் உத்தியோகம் பார்த்த பெரிய மனுஷர், ஆளனுப்பினார். போனோம். அவர் வீட்டுக் கூடத்தில் மலை எழுத வேண்டுமாம். "ஆளே இல்லியேப்பா, வெறும் மலைதான?" என்றார்.

"ஆளுன்னா மூணு ரூவா முசே. மலைக்கு அறுவது" என்றாய். கொஞ்சம் குறைக்கலாம் என்று வாயெடுத்தேன். என் கால் விரலை மிதித்தாய். முசே சுவரைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "சரி, நாளைக்கு ஆரம்பிங்க" என்றார். நாம் மேஸ்திரியிடம் திரும்பிப் போகவே இல்லை.

இன்றைக்கும் யாராவது விலை கேட்டால் முதலில் சுவரை ஒரு முறை நடந்து பார்க்கிறேன். பிறகு முழுத் தொகையையும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். என் கால் விரலை மிதிக்க நீ பக்கத்தில் இல்லை. ஆனாலும் குறைத்துச் சொன்னதில்லை, கூட்டாளி.