உன்னை உட்காரச் சொன்னவர்கள்

இன்று காலை வேலைக்குப் போகும் வேனில் பக்கத்துப் பெண் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் உன் கைகள்தான் கண்முன் வந்தன. வேன் சுங்கை சோ ஊரைத் தொடும்வரை வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

கெர்லிங் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தோம், ஒரே சீருடைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ மாடியில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து நூல் வெட்டுவாய். நான் கீழே ஸ்டோரில். தேநீர் நேரத்தில் ஏறி வந்தால் நாற்காலிக் கைப்பிடிகளை அழுத்தி உடம்பைத் தூக்கி இறக்கிக்கொண்டிருப்பாய். தோள் வலித்தால் தைலம்.

"என்னாடி, பயில்வான் ஆகப் போறியா?" என்பேன்.

"என் ஒடம்ப என் கைதான்டி செமக்கணும்" என்பாய். பிறகு குடிபோன வீட்டின் மாடிப்படியில் உட்கார்ந்தவாறே படிப்படியாக இறங்கவும் பழகி வைத்திருந்தாய்.

ஃபயர் டிரில் வரும்போதெல்லாம் சூப்பர்வைசரிடம் கெஞ்சுவாய். "என்னையும் எறக்குங்க சார், ஒரு தடவ."

"ஒனக்கு எதுக்குமா செரமம்? சும்மா டிரில்தானே லா. நீ ஃபேன் காத்துல உக்காந்துக்கோ."

நல்ல மனுஷன்தான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். இரக்கப்பட்டு இரக்கப்பட்டே உன்னை விட்டுவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்கள்.

துணி அறையில் நிஜமாகவே தீப்பிடித்த அன்று எல்லாரும் பழகியபடியே செய்தார்கள். லிஃப்ட் நின்றுவிட்டது. படியில் இறங்கி ஓடிவந்து வெளியே வரிசையாக நின்றார்கள். சூப்பர்வைசர் தலைகளை எண்ணினார். "கணக்கு சரி, எல்லாரும் வந்தாச்சு!" அந்தக் கணக்கில் நீ எப்போதுமே இருந்ததில்லை.

"அவ மேல இருக்காய்யா!" என்று நான் கத்தியபோது படிக்கட்டைப் புகை அடைத்துவிட்டிருந்தது.

படிக்கட்டின் திருப்பத்தில் உன்னைக் கண்டெடுத்தார்கள். அதுவரை நீயாகவே இறங்கி வந்திருக்கிறாய். அங்கே அட்டைப்பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. நடக்கிறவர்கள் ஒருக்களித்துப் போய்விடுவார்கள். உட்கார்ந்து நகர்கிறவளுக்கு வழியில்லை. ஒரே ஒரு டிரில்லில் உன்னை இறக்கியிருந்தால் அது யார் கண்ணிலாவது பட்டிருக்கும். சாவு வீட்டில் தலையெழுத்து என்றார்கள்.

உன் இடத்தில் இப்போது ஊன்றுகோலோடு ஒரு பெண் இருக்கிறாள். அவளையும் "உக்காந்துக்கோமா" என்றுதான் சொன்னார்கள். டிரில் மணி அடித்தால் நான் மாடிக்குப் போய் அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

"அக்கா, ஒங்களுக்குக் கால் நல்லாத்தானே இருக்கு? வெளயாடாதீங்க லா" என்பார்கள் கூட வேலை செய்யும் பையன்கள்.

"மொதல்ல அவளத் தூக்கு. அப்புறம் வந்து என்னயத் தூக்கு. பழகு."

உன் பிடிவாதத்தைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். முனகிக்கொண்டே தூக்குகிறார்கள். மூச்சு வாங்குகிறது, நாற்காலி சுவரில் இடிக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எங்களைக் கீழே கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார்கள். அவ்வளவு லேசான வேலைதான்டி அது.