சிமென்ட் இல்லாத மூட்டு

செய்யூர்
9.2.2025

செல்விக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, அதனால் எழுதுகிறேன். நீ கல்பாக்கம் போய் நாலு வருஷம் ஆகிறது. புருஷன் என்று உரிமை கொண்டாடவில்லை, தகவல்தான். லாரி ஓட்டிய இடுப்பு தேய்ந்துவிட்டதாம், மூட்டை மாற்ற வேண்டுமாம். செங்கல்பட்டு டாக்டர் இரண்டு வகை சொன்னார். சிமென்ட் வைத்து ஒட்டினால் மறுநாளே ஊன்றி நடக்கலாம். இன்னொன்று சிமென்ட் இல்லாதது, செராமிக் உருண்டை. எலும்பே வளர்ந்து பிடித்துக்கொள்ளுமாம், ரொம்ப வருஷம் உழைக்குமாம். ஆனால் ஆறு வாரம் காலை முழுசாக ஊன்றக் கூடாது, கூட ஆள் வேண்டும். “வூட்ல யாரு கீறாங்க?” என்று நர்ஸ் கேட்டாள். சிமென்டே போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எல்லப்பன்

கல்பாக்கம்
15.2.2025

மாமாவுக்கு,

உங்கள் இடுப்பைத் தவிர மற்றதெல்லாம் சுகம் என்று நினைக்கிறேன். தகவல் என்று எழுதினால் எனக்குப் புரியாதா? உங்களுக்கு இன்னும் ஐம்பதுகூட ஆகவில்லை. சிமென்ட் ஆட்டம் கண்டால் மறுபடியும் அறுப்பதா? உழைக்கிறதையே வைக்கச் சொல்லுங்கள். கேன்டீனில் லீவு கேட்டுவிட்டேன், ஆறு வாரம் வந்து இருக்கிறேன். பொய் சொல்லிச் சொல்லித்தான் என்னை இங்கே துரத்தினீர்கள். இந்தத் தடவை ஒரு பொய்கூட வேண்டாம். சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

தமிழ்ச்செல்வி

செய்யூர்
4.5.2025

அன்புள்ள செல்வி,

குழம்பை மூடி வைத்துவிட்டுச் சொல்லாமலே கிளம்பிவிட்டாயே. வாக்கர் இல்லாமல் இன்னும் ஒரு அடி வைக்க முடியவில்லை. டாக்டர் இன்னும் ஒரு மாசம் என்றாரே, அதற்குள் போனால் நான் என்ன செய்வேன்? நான் என்ன தப்பு செய்தேன்?

எல்லப்பன்

கல்பாக்கம்
11.5.2025

மாமாவுக்கு,

ஆறாம் வாரம் பக்கத்து வீட்டு ஜெயக்குமார் ஆட்டோவில் தனியாகப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, “இன்னும் ஒரு மாசம் வாக்கர் புடிக்கணுமாம்” என்றீர்கள். நம்பி லீவை நீட்டினேன். மறுவாரம் கடையிலிருந்து வருகிறேன், வீட்டுக்குப் பின்னால் வாளியோடு நின்று முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். கேட் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் வாக்கரைப் பிடித்தீர்கள். ஓடினீர்கள் மாமா. எனக்குக் கோபம்கூட வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

அதற்கு அப்புறமும் ஏழு நாள் இருந்தேன். “போவாத, இங்கியே இரு” என்று வாயைத் திறந்து கேட்பீர்கள் என்று பார்த்தேன். கேட்டிருந்தால் வேலையை விட்டுவிட்டு இருந்திருப்பேன். நீங்கள் ஏழு நாளும் நொண்டிக் காட்டினீர்கள். எட்டாம் நாள் எனக்கு அலுத்துவிட்டது.

மூட்டு நன்றாகப் பிடித்துவிட்டது. குந்தி உட்காராதீர்கள், சம்மணமும் வேண்டாம். நான் இனி வரமாட்டேன்.

தமிழ்ச்செல்வி