கடலுக்குப் போகாத நாட்கள்

அன்றைக்கு ஏலக்கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று இப்போது கேட்டாலும் உட்கார்ந்த வரிசைப்படி சொல்லுவேன். முன்னால் நாற்காலியில் மீன் ஆபீஸ் அதிகாரியம்மா, அவருக்குப் பக்கத்தில் மீன் வியாபாரி சேக்தாவூது அண்ணன். தரையில் படகுக்காரர்கள், அவர்களில் வாய் நீளமான வெள்ளைச்சாமி. தூணில் சாய்ந்தபடி என் மகன் முருகேசன், உன் புருஷன். அவன் தோளில் தூங்கிக்கொண்டு உன் மகள் பவித்ரா. பின்னால் பெண்கள் பக்கம் என் கூட்டாளி ராக்கம்மாவும் நானும். எல்லாருக்கும் எதிரே, படம் விழுவதற்காகச் சுவரில் கட்டிய வெள்ளை வேட்டிக்குப் பக்கத்தில் நீ. இன்னும் ஒருத்தன் இருந்தான், ஊர்த் தலைவன். அவன் பெயரைக் கடைசியில் சொல்லுகிறேன்.

இன்று காலையில் ஐஸ் ரூமுக்கு வெள்ளையடித்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த, நீ வரைந்த கோட்டுப் படத்தைக் கிழியாமல் உரித்து ராக்கம்மா கொண்டுவந்தாள். “அடியே, ஒன் மருமக போட்ட கோட்டக் குப்பையில போடப் பாத்தாய்ங்க. நாலு திட்டுத் திட்டிப் பிடுங்கியாந்தேன்” என்றாள். தாள் ஈரத்தில் ஊறி நீலக்கோடு கொஞ்சம் பரவியிருக்கிறது. ஐஸ் வாடையும் மீன் வாடையும் அடிக்கிறது. மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன் ஆத்தா.

நீ திருப்பாலைக்குடியிலிருந்து வந்த புதிதில் எனக்கு உன்னைப் பிடிக்கவில்லை. உன் கல்யாணப் பந்தியில் உன் வீட்டார் என்னிடம் இரண்டாம் தடவை குழம்பு வேண்டுமா என்று கேட்கவில்லை. அதை உன்னிடம் எத்தனை வருஷம் சொல்லிக் காட்டினேன்! நீயும் விடவில்லை. “அத்தே, எங்க அம்மாவ வரச்சொல்லி ஒரு அண்டா குழம்பு ஊத்தச் சொல்லவா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ச் சிரிப்பாய்.

படகுகள் கரையேறியதும் எந்த மீன் எவ்வளவு என்று பார்த்து ஆபீசுக்கு அனுப்புகிற வேலை உனக்குக் கிடைத்தது. எடுத்து அனுப்புவது நீ, அதை வைத்துப் படம் போடுவது வேறு யாரோ. அது உனக்கு உறுத்தியது. “நான் வெயில்ல நின்னு எழுதுறேன், அது என்ன சொல்லுதுன்னு எனக்கே தெரியல அத்தே” என்றாய். உன் அண்ணனுடைய பழைய லேப்டாப்பை வாங்கி வந்தாய். கணக்குகளைப் பிரித்துப் பார்த்துப் படமாக வரைகிற கம்ப்யூட்டர் பாஷை ஒன்று இருக்கிறது, பெயர் ஆர் என்றாய். அவ்வளவுதானா பெயர் என்று கேட்டேன். அவ்வளவுதான், இங்கிலீஷில் ஒற்றை எழுத்து.

“பேரு வைக்கக்கூட நேரமில்லாதவன் செஞ்ச பாஷையா?” என்றேன்.

மத்தியானம் சோறு வடித்துக் குழம்பை அடுப்பில் வைத்ததும் மீன்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப்பை வைத்துப் பாடம் கேட்பாய். எதையாவது தட்டுவாய், தப்பு என்று சிவப்பு எழுத்தில் வந்து விழும். பார்த்தால் மறுபடி அடைப்புக்குறி ஒன்றைத் திறந்து மூடாமல் விட்டிருப்பாய். “கோழிக்கூட்டையே அடைக்க மறக்குறவ, இத எங்குட்டு அடைக்கப் போற?” என்று நான் கேட்டதற்கு அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தாய். அந்தப் பாடத்தில் நீ தீயவிட்ட நெத்திலிக் குழம்பு என் கணக்கில் தனியாக இருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்து நீ ஒருநாளும் அழுததில்லை. எனக்குத்தான் கோபம் வரும். வீட்டுக்கு வந்த மருமகளை நான் திட்டலாம், ஒரு பெட்டி திட்டலாமா? நீ சொன்னாய்: “அது திட்டல அத்தே. தப்பு எங்கன இருக்குன்னு எடத்தக் காட்டுது. எடம் தெரிஞ்சா சரி பண்ணிறலாம்.”

நம்மூருக்கும் பக்கத்து ஊருக்கும் சேர்த்து, மீன் கெடாமல் வைக்க ஒரே ஒரு ஐஸ் ரூம்தான் வரும் என்று பேச்சு வந்தபோது ஊரே பதறியது. ஐஸ் இல்லாவிட்டால் நம் மீன் வெயில் ஏறுமுன் போன விலைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் கருவாடாக வேண்டும். எந்தக் கரையில் மீன் நிலையாக விழுகிறதோ அங்கேதான் கட்டுவோம் என்றார்கள். நம்மூர்க் கணக்கு முழுவதும் உன்னிடம் இருந்தது. படம் போட்டுக் காட்டுகிறேன் என்று நீயே கையைத் தூக்கினாய்.

அந்தப் படம் வேட்டியில் விழுந்த நொடி இன்னும் கண்ணில் நிற்கிறது. நீலக்கோடு தரையோடு தரையாக ஊர்ந்தது. நடுநடுவே பாதாளத்தில் விழுந்து எழுந்தது. வெள்ளைச்சாமி எழுந்து நின்றான். “என்னத்தா இது, நம்ம கடலுக்குக் காரியம் பண்ணிட்டியா? நாங்க என்ன மணலையா அள்ளிட்டு வந்தோம்?” கூடம் முழுக்கச் சிரிப்பு. அதிகாரியம்மா பையை மூடத் தொடங்கினார்.

அப்போதுதான் ஊர்த் தலைவன் எழுந்தான். எல்லார் முன்னாலும் சொன்னான்: “போதும், உக்காரு. ஊரு மானத்த வாங்குனது போதும். பொம்பளப்புள்ள கையில பொட்டியக் குடுத்தா இப்புடித்தான் வெளங்கும்.”

முருகேசன் தலையைக் குனிந்துகொண்டான். நீ உட்காரவில்லை. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாய், சிவப்பு எழுத்தைப் பார்ப்பது போலவே. பிறகு திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னாய்: “தப்பு என்னுது. எடம் தெரிஞ்சிருச்சு. கொஞ்சம் இருங்க.”

ஒரு நாள் விசைப்படகு, மறுநாள் நாட்டுப்படகு என்று முறை வைத்துப் போகிற கடல் நம்முடையது. நம் நாட்டுப்படகுகளுக்கு முறை இல்லாத நாளில் ஒருத்தரும் போவதில்லை. அந்த நாட்களை நீ காலியாகத்தான் விட்டிருந்தாய். ஆனால் காலி இடம் இருந்தால் அந்த ஆர் சராசரி சொல்லாதாம், எனக்குத் தெரியாது என்று கையை விரித்துவிடுமாம். அதன் வாயை அடைக்க, காலி இடத்தில் எல்லாம் சைபர் போடும்படி ஒரு வரி எழுதிவிட்டாய். நீயும் கடற்கரைப் பெண்தான். எப்படித் தவறினாய் என்று பிறகு யோசித்தேன். அடுப்படியில் நிற்கிறவளுக்குச் சட்டியில் மீன் இல்லாத நாள் எல்லாம் ஒரே நாள்தானே.

“கடலுக்குப் போகாத நாளு வேற, போயி வெறுங்கையா வந்த நாளு வேற. ரெண்டையும் நான் ஒண்ணாக்கிட்டேன்” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாய். அந்த ஒரு வரியை அழித்தாய். காலி நாட்களை விட்டுவிட்டுப் போன நாட்களுக்கு மட்டும் கணக்குப் பார்க்கச் சொன்னாய். தட்டினாய். கோடு எழுந்து நின்றது ஆத்தா! அங்கங்கே விட்டு விட்டு, ஆனால் நிமிர்ந்து, நம்மூர்க் கோடு.

அதிகாரியம்மா பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஓர் இடத்தைக் காட்டி, “இங்க மட்டும் விழுந்திருக்கே?” என்றார். அதையும் மழுப்பிவிடலாம் என்றுதான் கூடமே நினைத்தது. நீ, “அது நெசம் மேடம். கச்சான் காத்து அடிச்சப்போ போயிட்டு ஒண்ணுமில்லாம வந்தாங்க. அந்தச் சைபர நான் அழிக்க மாட்டேன்” என்றாய். சேக்தாவூது அண்ணன், “மாஷா அல்லாஹ், இந்தப் புள்ள சொல்றத நம்பலாம்மா” என்றார். வெள்ளைச்சாமி உட்கார்ந்துவிட்டான். நான் ராக்கம்மாவின் தொடையைக் கிள்ளிய கிள்ளு மறுநாளும் சிவந்திருந்தது என்று இன்றைக்கும் சொல்லுகிறாள்.

ஐஸ் ரூம் நம்மூருக்கு வந்தது, உன் படத்தைத் தாளில் எடுத்து அதன் சுவரில் ஒட்டினார்கள். படம் போடுகிற வேலையையும் ஆபீசில் உனக்கே கொடுத்தார்கள். அடுத்த நாள் சோற்றுக்கு முன்னால் என் இலையில் நீ நெத்திலிக் குழம்பை ஊற்றி, “இன்னொரு தடவ?” என்று கேட்டாய். அன்றைக்கே உன் வீட்டாரை மன்னித்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பிறகு நோய் வந்து மதுரை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, டெஸ்டில் வந்த உன் இரத்த அளவுக்கும் நீயே கோடு போட்டாய். அது இறங்கிக்கொண்டே போனது. டெஸ்ட் எடுக்காத நாட்களை மட்டும் காலியாக விட்டிருந்தாய். “விட்ட நாளையும் சேத்துப் போட்டா என்ன புள்ள?” என்று கேட்டேன். “தெரியாதத எப்புடிப் போடுறது? அந்த நாள்ல நான் நல்லாவும் இருந்திருக்கலாம்ல அத்தே” என்றாய். நான் வெளியே வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இப்போது பவித்ரா அந்த லேப்டாப்பைத் தட்டுகிறாள். சிவப்பு எழுத்து வந்தால் என் பக்கம் திரும்பி, “அப்பத்தா, எடத்தக் காட்டிருச்சு” என்கிறாள். அடைப்புக்குறியாக இருக்கும், நல்லாப் பாரு என்கிறேன். பாதி நாள் நான் சொன்னது சரியாக இருக்கிறது.

ஊர்த் தலைவன் இன்னும் ஊர்த் தலைவன்தான். ஐஸ் ரூம் திறந்த அன்று கழுத்தில் மாலை போட்டுக்கொண்டு, அதைத் தானே கொண்டுவந்ததாகப் பேசினான். உன் பெயர் அவன் வாயில் வரவில்லை. உன் சாவுக்கு வந்து எல்லாரையும்விடச் சத்தமாக அழுதான். போன வாரம் வாசலில் வந்து நின்று, “எப்பவோ ஒரு கோவத்துல சொன்னது. இன்னும் மனசுல வச்சிருக்கியேக்கா” என்றான். அதே ஏலக்கூடத்துக்கு வா, அதே ஆட்களைக் கூப்பிடு, என் மருமகள் சொன்னது போல எல்லாருக்கும் கேட்க ‘தப்பு என்னுது’ என்று சொல், இப்போதே விட்டுவிடுகிறேன் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். நீ ஒரு மூச்சில் சொன்ன சொல் அது.

நீ வரைந்த இந்தக் கோட்டுப் படத்தை முருகேசனிடம் கொடுத்துக் கண்ணாடி போடச் சொல்லியிருக்கிறேன். நம் வீட்டு வாசலுக்கு நேரே மாட்டப்போகிறேன், உள்ளே வருகிறவன் முகத்தில் படும்படி. என் கூடப்பிறந்த தம்பி கருப்பையா முகத்தில். அவனை நான் மன்னிக்கவில்லை.