உன் காப்பிக் களத்தில் இறக்கிய கம்ப்யூட்டர்கள்

என்னோடு கூடப் பிறந்த சின்னப்பொண்ணுக்கு, என் செல்லத்துக்கு,

நல்ல செய்தி இருந்தால் மட்டுமே உனக்கு எழுத வேண்டும் என்றிருந்தேன். முடியவில்லை.

நீ காப்பி காயப்போட்ட அந்தக் களம் நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டு சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கூடம் கட்டிக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்தாயே, அதுதான். பைத்தியக்காரி என்று அன்றைக்கு உன்னைத் திட்டினேன். பிறகு வருஷா வருஷம் என் களத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டு உன் கொட்டையைக் காயப்போட்டாய். அதையும் நான் மறக்கவில்லை.

சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த வாரம், ஒரு பெரிய சுற்றுலா விடுதியின் வேன் வந்தது. பேனர் கட்டி, உன் களத்தில் கட்டிய சாப்பாட்டுக்கூடத்தில் இருபது கம்ப்யூட்டர்களை இறக்கினார்கள். பிள்ளைகளை நிறுத்திப் படம் பிடித்தார்கள். ஆரத்தி எடுத்தது யார் தெரியுமா? நான்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் மஞ்சள் குங்குமம் வேறு வைத்தேன்.

ஒன்றுகூட எரியவில்லை. சேலத்திலிருந்து ரிப்பேர்க்காரனை வரவழைத்தோம். திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“உள்ள பாதி சாமானத்தைக் கழட்டிட்டாங்க ஆயா. இதைக் குப்பையில போடக் கூடாதுங்க, முறையா பிரிச்செடுக்கற எடத்துக்கு அனுப்போணும். தானம்னு சொல்லிட்டா அந்தத் தொல்லை இல்லை பாருங்க.”

தானமாக வந்ததை மேலிடத்து உத்தரவு இல்லாமல் வெளியே எடுக்கக் கூடாது என்றார் பள்ளிக்கூடத்து டீச்சர். கூடத்தைப் பூட்டியாயிற்று. ஆடி மழை முழுக்கப் பிள்ளைகள் மறுபடியும் தாழ்வாரத்து ஓரத்தில். தட்டில் சோற்றைவிடத் தண்ணீர் அதிகம். இதற்கா களத்தைக் கொடுத்தாய்?

விடுதி மேனேஜரிடம் போனேன். உட்காரச் சொல்லவில்லை, சாகும்வரை அது மறக்காது.

“ஏழைப் புள்ளைங்களுக்குன்னு மனசாரக் குடுத்தோம் பாட்டிம்மா. குடுத்ததைத் திருப்பி வாங்க மாட்டோமுங்க” என்றான்.

மனசார! செத்த பெட்டியைத் தன் மகன் படிக்கிற மேசைமேல் வைப்பானா?

நேற்று மறுபடி டீச்சரிடம் போய் நின்றேன். கூடத்துச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதினோரு பெண்கள் காப்பிப்பழக் கூடையில் வைத்துச் சுமந்து, இரண்டு நடை நடந்து, விடுதி வாசலில் எல்லாவற்றையும் இறக்கினோம். என்னவென்று கேட்டான் வாட்ச்மேன்.

“தானங் கண்ணு. உங்க மொதலாளி ஊட்டுப் புள்ளைங்களுக்கு மனசாரக் குடுக்கறோம். படம் புடிச்சுக்கறதுன்னா புடிச்சுக்க.”

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

இன்று மத்தியானம் பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மேனேஜர் மேலதிகாரிகளிடம் புகார் சொல்லப் போகிறானாம். டீச்சரிடம், விசாரணை வந்தால் தூக்கியது நான் என்று என் பேரை முதலில் எழுதச் சொல்லிவிட்டேன்.

உன்மேல் ஆணை சின்னப்பொண்ணு. இனி எந்த வண்டி எதைக் கொண்டுவந்தாலும், வாசலிலேயே ஸ்விட்சைப் போட்டுக் காட்டச் சொல்வேன். எரியாதது வந்த வண்டியிலேயே திரும்பும். அந்த மேனேஜர் யாரைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் சரி, பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவுகிறவரை அந்த வாசலைவிட்டு நகர மாட்டேன்.

உன்னைத் திட்ட உரிமையுள்ள ஒரே ஆள்,
உன் பெரியக்கா,
தலைச்சோலை